தீர்ப்பு நாற்காலியில் யார்?

தானா ராத்தா

அன்புப் பேத்திக்கு,

பிரிஞ்சாங்கில் ரோட்டோரம் காரை நிறுத்தி உன் அப்பா வாங்கிவந்த சம்மனைப் பார்த்து, "அபராதம் போடுகிறவர்களே தீர்ப்பும் சொல்வார்களா, தாத்தா?" என்று கேட்டாயே கண்ணு. மாட்டார்கள். ஒப்புக்கொள்கிறவர் தொகையைக் கட்டலாம். மறுத்தால் வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் போகும். சம்மன் கொடுத்த மாவட்ட மன்றத்தின் தலைவருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

என் சிறுவயதில் எஸ்டேட்டில் அப்படியில்லை. லயத்தில் சண்டை என்றால் கங்காணி எங்களை ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். துரை சொன்னதே தீர்ப்பு. துரை நல்லவராகவே இருக்கட்டும், அவர்மேலேயே குறை என்றால் யாரிடம் போவது?

சென்னை வியாபாரிகளுக்கும் இதே தவிப்புதான். 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே மாநகராட்சியைத் தொடங்கியபோது மேயரும் ஆல்டர்மென்களுமே நீதிபதிகள். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன், கம்பெனி உத்தியோகஸ்தர். 1726இல் முதலாம் ஜார்ஜ் மன்னரின் சாசனம் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று ஊர்களிலும் மேயர் நீதிமன்றம் அமைத்தது. மேல்முறையீடு கேட்பவர்கள் யார்? கம்பெனியின் கவர்னரும் அவரது கவுன்சிலும்! நம் ஆட்களின் வழக்கம் அந்த நீதிபதிகளுக்குப் புரியவுமில்லை. கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னார்கள். 1736இல் சென்னையில் மறுத்த இருவரைச் சிறையில் போட்டார்கள். இந்துக்கள் கொதித்தெழ, கவர்னர் தலையிட்டு விடுவித்தார். 1753இல் வந்த புதிய சாசனம், இருதரப்பும் சம்மதித்தால் மட்டுமே இந்தியருக்குள் எழும் வழக்கை அந்த மன்றம் எடுக்கலாம் என்றது. சம்மதம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஒஹாயோவில் மேயர் நீதிமன்றங்கள் இன்றும் உண்டு. அங்கே ஒரு மேயர், குற்றவாளி என்று தீர்த்தால் மட்டும் தமக்குப் பணம் வரும்படியான ஏற்பாட்டில் தீர்ப்பளித்தார். அது செல்லாது என்று 1927இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் மலேசியாவிலும் ஊர்த்தலைவரான பெங்குலுவின் நீதிமன்றம் 2013 வரை சட்டத்தில் இருந்தது. 50 ரிங்கிட்டுக்கு மேற்படாத சிவில் வழக்குகளுக்கும் சிறு குற்றங்களுக்குமானது. குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பினால் மாஜிஸ்திரேட்டிடம் விசாரணை கேட்க முடிந்தது. அந்தக் கதவு எஸ்டேட் ஆபீஸ் வாசலில் எங்களுக்கு இருந்ததில்லை.

சம்மனில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து அப்பாவிடம் சொல். கட்டுவதா, கோர்ட்டில் நிற்பதா என்று அதற்குள் அவர் முடிவு செய்யட்டும். நிற்பதென்றால் நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
தாத்தா