சிற்றூர் சிறுநகரமாகும் முன்னே

ஊர் வளர்வது இயற்கை. எத்திசையில் வளர்வது, எந்த நிலத்தை விட்டு வளர்வது என்று முடிவு செய்வது ஊராரின் பொறுப்பு. 1951ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நமது மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேரே நகரவாசிகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தொகை 48 ஆக உயர்ந்துவிட்டது. இவர்கள் அனைவரும் சென்னைக்கும் கோவைக்கும் சென்று குடியேறியவர்கள் அல்லர். பிறந்த ஊரிலேயே இருந்துகொண்டு, அந்த ஊர் நகரமாக மாறியதால் நகரவாசிகளானவர்களும் பலர். நகரத்தின் இலக்கணம் பொருந்தியும் நகராட்சியோ பேரூராட்சியோ ஆகாத ஊர்களை ஜனத்தொகைக் கணக்கு தனியே எண்ணுகிறது. அத்தகைய ஊர்கள் 2001இல் 111, 2011இல் 376. ஆகவே நகரமைப்பு என்பது பெருநகர அதிகாரிகளின் கவலை மட்டுமன்று. அது கிராமப் பஞ்சாயத்தின் வாசற்படிக்கே வந்துவிட்டது.

சாதாரணமாக நிகழ்வது என்ன?

பஸ் செல்லும் ரஸ்தாவின் இருமருங்கிலும் முதலில் டீக்கடையும் பட்டறையும் தோன்றுகின்றன. பிறகு அவற்றின் பின்புறமுள்ள வயலில் மனைக்கற்கள் நடப்படுகின்றன. அவ்வயல் பல ஊர்களில் ஏரிப் பாசன நஞ்சையாகவே இருக்கிறது. வயல் மனையானதும் அதன் ஊடே சென்ற வாய்க்கால் தூர்ந்து போகிறது. கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதில்லை. இரண்டு போகம் தரிசாகக் கிடந்தபின் அவரும் நிலத்தை விற்க முன்வருகிறார். விற்கவேண்டுமென்ற எண்ணம் அவருக்கு முன்பு இருந்ததில்லை. மேல்மடையில் நேர்ந்த மாறுதல் அவரை விற்க வைத்துவிட்டது. ஆயக்கட்டு சுருங்கியதும் மதகையும் கரையையும் கவனிப்பார் இல்லை. பெருமழை வரும்போது தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு புது வீடுகளுக்குள் புகுகிறது. விவசாயிக்கு நீர் இல்லை. வீடு கட்டியவருக்கோ நீர் மிகுதி. இவ்விரு துன்பங்களுக்கும் காரணம் ஒன்றே.

சென்னையில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. அது திட்டமிட்டுக் கட்டப்பட்ட பகுதிதான். அகன்ற தெருக்களும் பூங்காக்களும் அங்கே உண்டு. எனினும் 2021 நவம்பர் மழையில் அதன் தெருக்கள் பலவற்றில் தண்ணீர் தேங்கி நின்றதைக் கண்டோம். தெருவை நேராக வரைவது மட்டும் திட்டமாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

முதலில் ஆராய்ச்சி, பின்னர் திட்டம்

ஸ்காட்லாந்து தேசத்து அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் 1914ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, தஞ்சை, மதுரை முதலிய ஊர்களை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். நோயை அறியாமல் மருந்து தரலாகாது. அதுபோல ஊரை அறியாமல் திட்டம் வரையலாகாது என்பது அவரது கொள்கை. தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெருக்கத்தைக் குறைக்க வீடுகளை இடித்து நேர்த்தெருக்கள் போடலாம் என்றிருந்த யோசனையை அவர் ஏற்கவில்லை. மிகச் சில இடங்களில் மட்டும் வழியைத் திறந்துவிட்டால் குறைந்த செலவில் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும் என்று எடுத்துக்காட்டினார். கொசுவை ஒழிக்கக் குளங்களைத் தூர்த்துவிடுவதே வழி என்ற கருத்தையும் அவர் மறுத்தார். நூறாண்டு கடந்தும் இப்பாடம் பழையதாகிவிடவில்லை.

நமது ஊரில் இவ்வாராய்ச்சியை நாமே தொடங்கலாம். கிராமக் கணக்கிலுள்ள ‘அ’ பதிவேடு, அடங்கல், புல வரைபடங்கள் ஆகியவற்றின் துணையுடன் ஊர்ப்படம் ஒன்றைப் பெரிய அளவில் தயாரிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒருநாள் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் ஆயக்கட்டு விவசாயிகளும் நீர் பாய்ச்சுவோரும் சேர்ந்து, ஏரியின் வரத்துக் கால்வாய் தொடங்கிக் கலுங்குக்கு அப்பால் நீர் போய்ச் சேருமிடம் வரை நடந்து பார்க்க வேண்டும். கணக்கில் கால்வாய் என்றிருப்பது தரையில் தெருவாக இருக்கக்கூடும். தரையில் நீர் ஓடும் தாழ்நிலம் கணக்கில் பட்டாப் புஞ்சையாக இருக்கக்கூடும். இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பின்னர்ப் படத்தில் வர்ணம் தீட்டலாம். ஏரி, குளம், கால்வாய், தாழ்நிலம் இவற்றுக்கு நீலம். பாசன நஞ்சைக்குப் பச்சை. மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு முதலிய பொது நிலங்களுக்குப் பழுப்பு. இம்மூன்றும் தீட்டிய பிறகு எஞ்சி நிற்கும் மேட்டுப் புஞ்சையும் தரிசுமே ஊர் வளரத் தக்க இடம். பள்ளிக்கூடம், சந்தை, பஸ் நிலையம், குப்பை சேர்க்குமிடம் ஆகியவற்றுக்கும் அங்கே இடம் காண வேண்டும். வீட்டுமனை எங்கே என்று கேட்கும் முன்னர் நீரின் வழி எது என்று கேட்பதே இத்திட்டத்தின் சாரம்.

ஒரு சிறு கணக்கு

5 ஏக்கர் நிலம் மனைகளாகப் பிரிக்கப்படுவதாகக் கொள்வோம். ரஸ்தாக்களுக்கு 1¼ ஏக்கர் போனால் மீதி 3¾ ஏக்கர். 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் ரஸ்தா நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரத்தின் மூலம் ஒப்படைக்க வேண்டும். 5 ஏக்கர் என்பது ஏறத்தாழ 20,000 சதுர மீட்டர். ஆகவே 37½ சென்ட் பொது இடமாகக் கிடைக்கும். மீதி நிலத்தில் 3 சென்ட் வீதம் 112 வீடுகள் வரும். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் தினந்தோறும் ஏறத்தாழ 25,000 லிட்டர் குடிநீர் வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 20,000 லிட்டர், கழிவுநீராக வெளியேறும். குடிநீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்ற இரு வினாக்களுக்கு விடை காணாமல் மனைப்பிரிவுக்கு இசைவு தெரிவிப்பது பின்னால் வரும் பஞ்சாயத்துக்குக் கடன் வைத்துப் போவதை ஒக்கும்.

ரஸ்தா விஷயமும் இத்தகையதே. மனை பிரிக்கும்போது அகலமான ரஸ்தாவைச் செலவின்றிப் பெறலாம். வீடுகள் எழுந்தபின் நிலம் எடுக்க நேர்ந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தை மதிப்பைப் போல் இரு மடங்குக்குக் குறையாத நஷ்ட ஈடு தர வேண்டியிருக்கும்.

சட்டம் தரும் துணை

1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் முழுமைத் திட்டம், விரிவான அபிவிருத்தித் திட்டம் ஆகியவற்றுக்கு வழி செய்கிறது. வரைவு வெளியிடப்படும்போது பொதுமக்கள் தம் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் எழுதிக் கொடுக்கலாம். கையில் ஊர்ப்படம் உள்ள பஞ்சாயத்தின் சொல்லுக்கு அப்போது மதிப்பு மிகுதி. திட்ட எல்லைக்குள் வராத ஊர்களிலும் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முன்னனுமதி வேண்டும். இதற்கெனத் தனி விதிகள் 2017இல் வந்துள்ளன.

அனுமதியின்றிப் பிரித்த மனைகளால் நேர்ந்த அல்லலை நாம் அறிவோம். 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு மனை வாங்கிய குடும்பங்கள் அதை விற்கவும் முடியாமல் திகைத்தன. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த மறு ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. ஆனால் தாளில் வரன்முறை செய்வதால் மூடிய வாய்க்கால் திறந்துவிடாது.

மனக்குறையை மறைக்க வேண்டாம்

பச்சை வர்ணம் பெற்ற வயலுக்கு மனை விலை கிடைக்காது. மேட்டுப் புஞ்சைக்காரருக்கு அது கிடைக்கும். இதனால் ஊரில் மனக்குறை எழுவது உறுதி. அதை மூடி மறைப்பதால் பயனில்லை. கிராம சபையில் படத்தை விரித்து வைத்து, கடைமடை விவசாயி உட்பட அனைவரையும் பேசவிட்டு முடிவு செய்வதே முறை. வயலை வயலாகவே வைத்திருக்கச் சம்மதிப்பவருக்கு ஊர் ஒரு கடமைப்பட்டிருக்கிறது. அவருடைய வாய்க்காலைத் தூர் எடுப்பதும், களத்துக்குப் பாதை அமைப்பதும், விளைவை விற்கச் சந்தையில் இடம் தருவதும் பஞ்சாயத்தின் முதல் வேலைகளாக இருத்தல் வேண்டும். வரவில்லாத வயலைச் சட்டத்தால் மட்டும் காக்க இயலாது.

நகரமாகிவிட்ட ஊர் தன் தவற்றைத் திருத்தப் பெரும் பொருள் செலவிட வேண்டும். இன்னும் நகரமாகாத ஊருக்கு வேண்டுவன ஒரு படமும், ஒருநாள் நடையும், ஒரு கிராம சபைத் தீர்மானமுமே. அடுத்த மழைக்கு முன்னர் இவற்றைத் தொடங்குவோமாக.