பன்னிரண்டாவது ஆளுக்காகக் காத்திருந்தபோது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தின் வளைவு, கெர்பாவ் ரோட்டில் டான் டெங் நியா வீட்டின் வண்ணக் கதவுகள், தீபாவளி ஒளியூட்டில் மின்னும் சிராங்கூன் சாலை. மூன்றிலும் கோணம் சரி, ஒளி சரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அவற்றை அல்ல. 'சும்மா எடுத்தது' என்று பெயர் வைத்துக் கடைசியில் ஒதுக்கியிருந்தாயே, அந்தச் சாங்கிப் படகுத்துறைப் படத்தை.

உபின் தீவுக்குப் போகும் பம்போட் படகு பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். உன் கூட்டம் காத்திருக்கிறது. ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். இன்னொருவன் விரல் நீட்டித் தலைகளை எண்ணுகிறான். ஒருவன் பையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான். ஓரத்தில் தூண்டிலோடு ஒரு பெரியவர், உங்களுக்குச் சம்பந்தமில்லாதவர், உங்கள் பொட்டலத்தையே பார்க்கிறார். இந்தப் படத்தை உன்னைத் தவிர வேறு யாரும் எடுத்திருக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

1900இல் கட்டிய டான் டெங் நியா வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம். நீ அடுத்த வருடம் போனாலும் அங்கேயே நிற்கும், அப்போதும் அதன் முன்னால் பத்துப் பேர் கைப்பேசியோடு நிற்பார்கள். ரோச்சோர் சென்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1977இல் கட்டிய நான்கு அடுக்குமாடிகள், 567 வீடுகள், தேக்காவிலிருந்து நடக்கும் தூரம். வடக்கு-தெற்கு விரைவுச்சாலைக்காக 2016இல் குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள், 2018இல் இடித்தார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே கேமராவோடு போய், கீழே நின்று அண்ணாந்து, வண்ணச் சுவர்களை எடுத்துத் தள்ளியது. அந்தப் படங்கள் எங்கும் கிடைக்கும். பள்ளி விட்டு வந்து பையைப் போட்டுவிட்டு அந்த மாடித் தளத்தில் அரட்டையடித்த பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால், அங்கே வாழ்ந்த குடும்பங்களின் ஆல்பங்களைத்தான் கேட்க வேண்டும். 2017 ஜூலை 10ஆம் தேதி மூடிய சுங்கே ரோடு பழம்பொருள் சந்தைக்கும் இதே கதைதான். இந்த ஊரில் எது எப்போது போகும் என்று தெரியாது. அதனால் உன் நண்பர்கள் எங்கே உட்கார்கிறார்களோ, எங்கே தேநீர் குடிக்கிறார்களோ, அந்த இடத்தையும் சேர்த்து எடு. முகத்தை மட்டும் நெருக்கிப் பின்னணியை மங்கலாக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் விட்டுவிடு. பின்னால் இருக்கும் விலைப் பலகையும் பிளாஸ்டிக் நாற்காலியும் தெளிவாக விழட்டும்.

'நண்பர்களோடு ஊர் சுற்றி எடுப்பதெல்லாம் படமா அண்ணே' என்று கேட்டிருந்தாய். உபினுக்கே போய் வந்தவன் நீ, அந்தத் தீவில் இருக்கும் செக் ஜாவா கரையின் கதையைக் கேள். கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தில் அந்தக் கரை 2001 முடிவில் மறைந்துபோக இருந்தது. அதற்குமுன் கூட்டம் கூட்டமாக அங்கே போனவர்கள் பெரும்பாலும் உன்னைப் போன்றவர்கள். ஆசிரியர்கள், மாணவர்கள், தன்னார்வலர்கள், நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். நீர் வற்றிய சேற்றில் நின்று நட்சத்திர மீனையும் கடற்புல்லையும் எடுத்தார்கள். சுவா ஈ கியாம் என்ற பல் மருத்துவர் எடுத்த படங்கள் 2002இல் புத்தகமாகவே வந்தன. பொதுமக்கள் கடிதம் எழுதினார்கள், ஆய்வாளர்கள் அறிக்கை கொடுத்தார்கள். 2002 ஜனவரியில் அரசு அந்த வேலையை நிறுத்திவைத்தது. படம் மட்டுமே காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கரையை ஒருநாளும் மிதிக்காதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று காட்டியது படம்தான். அடுத்த முறை போகும்போது ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போ. நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரம்தான் அங்கே பார்க்கத்தக்கது.

ஒளியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உனக்குக் கண் இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் இது. ஏழு மணிக்கு விடிகிறது, ஏழு மணிக்கு இருட்டுகிறது, அந்திக்கு நீளமே கிடையாது. உச்சி வெயிலில் முகமெல்லாம் கறுத்துப் போகும். அப்போது கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைக்குள் நுழைந்துகொள். வெளியே அடிக்கும் வெயில் தரையில் பட்டு உள்ளே மெத்தென்று பரவும். பூக்கட்டும் அக்காவின் விரலை டன்லப் ஸ்திரீட் வெயிலில் எடுப்பதற்கும் அந்த நிழலில் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நீயே பார். எம்ஆர்டி குளிரிலிருந்து மேலே வந்ததும் லென்ஸ் வேர்க்கும், துடைக்காதே. பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நடந்தால் தானே சரியாகும். வீட்டில் ட்ரை கேபினட் இல்லாவிட்டால் இந்த ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். புது லென்ஸுக்குச் சேர்க்கும் பணத்தில் முதலில் அதை வாங்கு.

இனி, எனக்கு உறுத்திய ஒன்று. ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா என்று நீ வைத்திருக்கும் வரிசை. புல்தரையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்களைச் சாலைக்கு இந்தப் பக்கமிருந்து நீள லென்ஸ் போட்டு எடுத்திருக்கிறாய். எல்லாம் முதுகுகள், குனிந்த தலைகள். வாரம் முழுக்கக் கட்டுமானத் தளத்தில் நின்றுவிட்டு ஒருநாள் ஊர்க்காரர்களோடு உட்கார வந்தவர்கள் அவர்கள். மறைந்திருந்து எடுக்கும்போது சோகம் தானாக வந்து விழுந்துவிடுகிறது, அவர்கள் சோகமாக இருந்தார்களா என்று உனக்குத் தெரியாது. சாலையைத் தாண்டிப் போ. "எந்த ஊருண்ணே?" என்று கேள். உனக்குத் தமிழ் தெரியும், இந்த ஊரில் கேமரா பிடிக்கும் பலருக்கு இல்லாத வரம் அது. எடுக்கலாமா என்று கேட்டால் சிலர் வேண்டாம் என்பார்கள், விட்டுவிடு. பலர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம் தெரிகிற மாதிரி நிமிர்ந்து நிற்பார்கள். அந்தப் படத்தை முதலில் எடு, அவர் விரும்பிய மாதிரியே எடு. உடனே அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பு. அவர் அதை அங்கேயே வீட்டுக்கு அனுப்புவார், அம்மாவோ மனைவியோ பதில் போடுவார்கள், அவர் முகம் மாறும். அப்போதும் உன்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னால் இன்னொரு படம் கேள்.

நீ பார்க்க வேண்டிய ஒரு புகைப்படக்காரரையும் சொல்கிறேன். யிப் சியோங் ஃபன், 1984இல் கலாசாரப் பதக்கம் வாங்கியவர். வேலை பார்த்துக்கொண்டே, தான் வாழ்ந்த சைனாடவுனையும் கடற்கரையையும் எடுத்துக்கொண்டிருந்தவர். அவர் படங்களைத் தேடிப் பார். மிடில் ரோட்டில் பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கும் அப்ஜெக்டிஃப்ஸ் புகைப்பட நிலையத்தில் கண்காட்சி இருந்தால் போய் வா, நண்பர்களையும் இழுத்துக்கொண்டு போ.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். 'சும்மா எடுத்தது' கோப்பிலிருந்து இருபது படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சிடு. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் தேதி, இடம், படத்தில் இருப்பவர்களின் முழுப் பெயர் எழுது. யாராவது பெயர் மறந்திருந்தால் கூப்பிட்டுக் கேள், கேட்கிற சாக்கில் பேசவும் செய்வாய். எழுதி முடித்ததும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. நான் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
உன் அண்ணன்