மலிவு மின்சாரக் கார் யாருக்கு மலிவு?

"பெட்ரோல் செலவே இல்லையாம், மின்சாரக் கார் வாங்கலாமா?" என்னும் கேள்வி இன்று பல இல்லங்களில் எழுகின்றது. நடுத்தரக் குடும்பத்திற்குக் கார் என்பது பல ஆண்டுச் சேமிப்பு. பிள்ளைகளின் படிப்புச் செலவும் அதே சேமிப்பிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே விளம்பரத்தை மட்டும் நம்பாமல், நாம் வகுப்பில் கற்ற கணக்கைக் கொண்டே விடை காண்போம்.

நம் நாட்டிற்கு மின்சாரக் கார் புதிதன்று. 2001-இல் பெங்களூரில் ரேவா என்னும் சிறு கார் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 80 கி.மீ. ஓடும். வாங்கியோர் சிலரே. 2022 செப்டம்பரில் டாடா நிறுவனம் டியாகோ காரின் மின்சார வகையை 8.49 லட்சம் ரூபாய்த் தொடக்க விலையில் அறிவித்தது. முன்பதிவின் முதல் நாளிலேயே 10,000 பேர் பதிவு செய்தனர். விலை இறங்கினால் மக்கள் நாடி வருவர் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் அதே காரின் பெட்ரோல் வகை அப்போது ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் குறைவு. அந்த 3 லட்சம் எப்போது நம் கைக்குத் திரும்பும்?

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், ஒரு லிட்டருக்குக் கார் 20 கி.மீ. ஓடும் என்றும் கொள்வோம். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் ஆகின்றது. மின்சாரம் யூனிட் 7 ரூபாய், ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. என்றால் 1 ரூபாய். மிச்சம் 4 ரூபாய். 3 லட்சத்தை 4 ஆல் வகுத்தால் 75,000 கி.மீ. வரும்.

நாள்தோறும் 40 கி.மீ. ஓட்டுபவர் இதனை ஐந்தே ஆண்டுகளில் எட்டிவிடுவார். நாளுக்கு 10 கி.மீ. ஓட்டும் குடும்பத்திற்கோ 20 ஆண்டுகள் வேண்டும்! பாட்டரிக்கு நிறுவனம் தந்த உத்தரவாதம் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ. மட்டுமே. காரைக்காலில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிடச் சற்று மலிவாதலால், நம்மவர்க்கு மிச்சம் இன்னும் குறையும்.

தூரத்தையும் எண்ணவேண்டும். அந்தக் காரின் சிறிய பாட்டரி 19.2 யூனிட் கொள்ளும். நம் கணக்குப்படி 134 கி.மீ. ஓடும். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி சென்று வரக் கவலையில்லை. ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரிக்கோ போய்ச் சேர்வதே இழுபறி. வழியில் மின்னேற்றியாக வேண்டும்.

2024-இல் எம்.ஜி. நிறுவனம் கோமெட் காரைப் பாட்டரி விலை நீக்கி 4.99 லட்சத்திற்கு அறிவித்தது. பாட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் வாடகை. மின்சாரத்தையும் சேர்த்தால் 3.50 ரூபாய். முதலில் கொடுக்கும் பணம் குறைகிறது. மாதந்தோறும் மிச்சமாவதும் குறைகிறது. குறைந்தபட்ச வாடகை உண்டா என்பதையும் கேட்டறிதல் நலம்.

ஆகவே மலிவு மின்சாரக் கார் அதிகம் ஓடுவோர்க்கே மலிவு. ஓய்ந்து நிற்கும் காரால் மிச்சம் ஏதுமில்லை. மாணவியரே, உங்கள் வீட்டு வண்டி மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். அப்பாவும் அம்மாவும் கடைக்குப் புறப்படுமுன் அந்தக் குறிப்பை அவர்கள் கையில் கொடுங்கள்.