செலியமேட்டு வயலிலிருந்து பூச்சிப் பெட்டி வரை: பயனுள்ள குறிப்புகள்

வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் பூச்சியியல் பாடத்துக்காக ஒரு பூச்சிப் பெட்டி செய்து கொடுத்தாக வேண்டும். காரைக்காலிலோ கடலூர்ப் பக்கத்திலோ படிக்கிற பிள்ளை விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் அந்த வேலை வீட்டில் எல்லோருக்கும் வந்து சேர்கிறது. நெல், கரும்பு, தென்னை, ஏரிக்கால், எருக்குழி என்று எங்கள் பாகூர்ப் பக்கத்துச் செலியமேட்டைச் சுற்றிப் பூச்சிக்குப் பஞ்சமில்லை. கொன்ற உயிர் வீணாகாமல் பல ஆண்டுகள் பாடம் சொல்லும்படி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1. முதலில் செத்ததைத் தேடுங்கள். தெருவிளக்குக் கம்பத்தடி, கிணற்று நீர்ப்பரப்பு, சன்னல் விளிம்பு, சிலந்தி வலை ஆகிய நான்கையும் காலையில் ஒரு சுற்று பார்த்தாலே பாதிப் பெட்டி நிரம்பும். அடுத்து, எப்படியும் அழிக்க வேண்டிய பயிர்ப் பூச்சிகள். எருக்குழியைக் கிளறும்போது வரும் காண்டாமிருக வண்டு, தென்னையில் வைத்த இனக்கவர்ச்சிப் பொறியில் விழும் சிவப்புக் கூன்வண்டு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வரும் கதிர்நாவாய்ப் பூச்சி. இவை போக மிச்சம் இருக்கிற இடத்துக்குத்தான் உயிரோடு திரிவதைப் பிடிக்க வேண்டும். ஓர் இனத்துக்கு ஆண், பெண் என இரண்டு இருந்தால் போதும். எண்ணிக்கை காட்டுவதற்காகப் பத்துத் தட்டானைக் கொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2. வண்ணத்துப்பூச்சிகளிலும் வண்டுகளிலும் பல இனங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. பெயர் உறுதியாகத் தெரியாத வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். பிடிக்கிற இடத்தையும் பாருங்கள்: ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம். அங்கே அனுமதி இல்லாமல் வலையோடு போகக் கூடாது.

3. வலைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். கெட்டிக் கம்பியை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் வளையமாக்கி, மூங்கில் கழியில் இறுக்கிக் கட்டி, பழைய கொசுவலைத் துணியைப் பையாகத் தைத்தால் போதும். பையின் ஆழம் வளையத்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்கட்டும். பூச்சி உள்ளே விழுந்ததும் கழியைத் திருப்பினால் துணி மடிந்து வாயை அடைத்துக்கொள்ளும். ஆழம் குறைந்தால் மடியாது.

4. இரவில் வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு முன்னால் விளக்கு வைப்பது இன்றும் நல்ல வழி. அமாவாசையை ஒட்டிய நாட்களில், காற்றில்லாத புழுக்கமான இரவுகளில் நிறைய வரும். நெல்வயல் பக்கத்தில் வைத்தால் குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி நிச்சயம் வந்து உட்காரும். பெண்பூச்சி வைக்கோல் மஞ்சள். முன் இறக்கை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. வால்நுனியில் பழுப்பு மயிர்க்கற்றை ஒன்று இருக்கும். இலையில் இட்ட முட்டைக் குவியலை அந்த மயிரால்தான் மூடி வைக்கிறது. ஆண் சிறியது, நிறம் மங்கலானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தி வைத்தால், பூச்சிமருந்துக் கடைக்குப் போகிற விவசாயிக்கே அது பாடமாகும்.

அதே விளக்குக்கு எறும்பை விடச் சற்று நீளமான, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வருகிற மெல்லிய வண்டு ஒன்றும் வரும். அது மேலே உட்கார்ந்தால் அடித்து நசுக்காதீர்கள். அதன் உடல் நீர் பட்ட இடம் தீக்காயம் போல் கொப்பளிக்கும். ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வயலில் புகையானைத் தின்னும் நன்மைப் பூச்சி அது என்பதால் கொல்ல வேண்டியதும் இல்லை.

5. கொல்வதற்கு வீட்டில் இருக்கிற சிறந்த கருவி ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர். விஷம் இல்லை, நெடி இல்லை, நிறமும் கெடாது. மூடி இறுக்கமான சிறு டப்பாவில் பூச்சியோடு ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் போட்டு வையுங்கள். சிறியவற்றுக்கு ஒரு நாள் போதும். காண்டாமிருக வண்டு போன்ற பெரியவற்றை இரண்டு மூன்று நாள் விடுங்கள். அரைகுறையாக எடுத்தால் ஊசியில் இருந்தபடியே கால் அசைக்கத் தொடங்கும். அந்தக் கொடுமை தேவையில்லை. வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். இல்லாவிட்டால் நீர் கோத்து இறக்கைச் செதில் ஒட்டிக்கொள்ளும். டப்பாவின் மேல் பெரிதாக எழுதி ஒட்டினால், இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருப்பது என்ன என்று யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

6. வயலிலேயே கொல்ல வேண்டுமென்றால் கொல்புட்டி வேண்டும். அகல வாய்க் கண்ணாடி பாட்டில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போல. அடியில் இரண்டு செ.மீ. உயரத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி நன்றாகக் காயவிடுங்கள். அதில் எத்தில் அசிட்டேட் சில கரண்டி விட்டு, ஊறியது போக மிச்சத்தை வடித்துவிடுங்கள். நகப்பூச்சு நீக்கியில் இது இருக்கிறதா என்று அட்டையில் பார்த்துவிட்டு அதையும் பயன்படுத்தலாம். குளோரோஃபாம் பூச்சியை விறைக்க வைத்துவிடும்; எத்தில் அசிட்டேட் மூட்டுகளை இளக்கமாகவே விடும்.

பழைய புத்தகங்களில் பொட்டாசியம் சயனைடு போடச் சொல்லியிருக்கும். வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. எத்தில் அசிட்டேட்டும் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, பூசை விளக்கு இருக்கும் இடத்தில் திறக்காதீர்கள். பாட்டிலில் ‘விஷம்’ என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இது தெர்மகோலையும் சிலவகைப் பிளாஸ்டிக்கையும் கரைக்கும் என்பதால் கண்ணாடிதான் சரி. பச்சை வெட்டுக்கிளியை இரவு முழுக்க உள்ளே விட்டால் பழுத்த இலை நிறத்துக்கு மாறிவிடும், அடங்கியதும் எடுத்துவிடுங்கள். வண்டுகளோ செத்தது போல் கிடந்து பிறகு எழுந்து நடக்கும். அவற்றை மட்டும் சில மணி நேரம் விட்டுவைக்கலாம்.

7. வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் மற்றவற்றோடு ஒரே பாட்டிலில் போடாதீர்கள். படபடத்துச் செதிலை உதிர்த்து எல்லாவற்றின் மேலும் தூள் பூசிவிடும். வண்ணத்துப்பூச்சியின் இறக்கைகளை மேல்நோக்கி மூடி, இறக்கைக்குக் கீழே மார்பின் இருபக்கமும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு அழுத்து அழுத்தினால் அடங்கிவிடும். வயிற்றை அழுத்தக் கூடாது. பிறகு பட்டர் பேப்பரை முக்கோணப் பொட்டலமாக மடித்து உள்ளே வைத்து, வெளியில் ஊரும் தேதியும் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள்.

8. தட்டானுக்கு நிறம்தான் பிரச்சினை. பொன்வண்டின் மினுக்கம் ஓட்டின் அமைப்பிலிருந்தே வருகிறது. பல ஆண்டு ஆனாலும் போகாது. தட்டானின் உடல் நிறம் அப்படி அல்ல. செத்ததும் குடலில் இருக்கிற இரை அழுகி, இரண்டே நாளில் உடல் கறுத்துவிடும். அதற்கு அசிட்டோன்தான் வழி. பிடித்ததைப் பொட்டலத்தில் ஒரு நாள் வைத்தால் குடல் காலியாகும். பிறகு ஃப்ரீசரில் வைத்துக் கொன்று, உடலை நேராக்கி, கண்ணாடிப் பாத்திரத்தில் அசிட்டோனில் மூழ்கவிட்டு மூடுங்கள். ஊசித்தட்டானுக்கு அரை நாள், பெரிய தட்டானுக்கு ஒரு நாள். எடுத்துக் காற்றாடக் காயவைத்தால் சிவப்பும் மஞ்சளும் பெருமளவு நிற்கும். வயிறு ஒடியாமல் இருக்க, துடைப்பத்து இழை ஒன்றை மார்பிலிருந்து வால் வரை செருகி வைக்கலாம். கண்ணின் நிறம் மட்டும் எப்படியும் போகும். அதற்குப் படம்தான்.

9. புழு, அசுவினி, ஈசல், கரையான், மாவுப்பூச்சி ஆகியவற்றை ஊசியில் குத்தினால் சுருங்கிப்போகும். புட்டியில்தான் வைக்க வேண்டும். புழுவை முதலில் கொதித்து இறக்கிய வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டால் நீட்டி விறைத்துக்கொள்ளும், கறுக்காது. பிறகு 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். புதுச்சேரியில் சாராயம் எளிதாகக் கிடைக்கிறதே என்று அதை ஊற்றுகிறவர்கள் உண்டு. கடையில் விற்கிற பிராந்தியும் ரம்மும் 42.8 சதவீதம்தான், அதில் போட்ட புழு அழுகும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும்.

10. ஊசி. சாதாரண குண்டூசி குட்டை, கனம் அதிகம், கடலோரக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத பூச்சி ஊசி ஏறத்தாழ 38 மி.மீ. நீளத்தில் வருகிறது. 2-ஆம், 3-ஆம் எண்களை வாங்கினால் பெரும்பாலானவற்றுக்குச் சரி. எங்கே குத்துவது என்பதற்கு முறை இருக்கிறது. வண்டுக்கு வலது கெட்டி இறக்கையின் மேல்பகுதியில். இரண்டு இறக்கையும் சேரும் நடுக்கோட்டில் குத்தினால் இறக்கை பிளந்துகொள்ளும். நாவாய்ப் பூச்சிக்கு முதுகின் முக்கோணத் தகட்டில், சற்று வலப்புறமாக. ஈ, குளவி, தேனீக்கு மார்பின் நடுவிலிருந்து சிறிது வலம். வெட்டுக்கிளிக்கும் கும்பிடுபூச்சிக்கும் கழுத்துத் தகட்டின் பின்பகுதியில், வலப்புறம். வண்ணத்துப்பூச்சிக்கு மட்டும் மார்பின் நட்டநடுவில். பூச்சியின் உடல் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால், வலப்பக்கம் ஊசி ஏறினாலும் இடப்பக்கம் முழுதாகப் பார்வைக்கு நிற்கும். பூச்சிக்கு மேலே ஒரு செ.மீ. ஊசி மிச்சம் இருக்கட்டும். விரலால் பிடிக்க இடம் வேண்டும்.

11. ஊசியே உடைத்துவிடும் அளவு சிறியதை, கெட்டி அட்டையில் கூர் முக்கோணம் வெட்டி, நுனியில் ஃபெவிகால் ஊசிமுனை அளவு வைத்து, பூச்சியின் வலது விலாவில் ஒட்டுங்கள். ஊசி அட்டையின் அகலப் பக்கத்தில் ஏறும். பொறிவண்டு, பச்சைத் தத்துப்பூச்சி எல்லாம் இப்படித்தான்.

12. இறக்கை விரிக்க இரண்டு தெர்மகோல் பலகையை இடையில் பள்ளம் விட்டு ஒட்டினால் விரிப்புப் பலகை தயார். உடல் பள்ளத்தில், இறக்கை பலகை மேல். முன் இறக்கையின் கீழ் விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக வரும்வரை ஊசிமுனையால் நரம்பைத் தொட்டு மெல்ல ஏற்றி, பட்டர் பேப்பர் கீற்றை மேலே போர்த்தி, சுற்றிலும் குண்டூசி குத்துங்கள். இறக்கைக்குள் ஒரு ஊசியும் ஏறக் கூடாது. ஒரு வாரமாவது அசைக்காதீர்கள். எறும்பு வராமலிருக்க மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எங்கள் பக்கத்து எறும்பு ஒரே இரவில் வயிற்றைக் காலி செய்துவிடும்.

13. விறைத்துப்போன பழைய பூச்சியை அப்படியே குத்தினால் நொறுங்கும். டப்பாவில் ஈர மணல் பரப்பி, பூஞ்சணம் வராமலிருக்க டெட்டால் சில சொட்டு விட்டு, மேலே சிறு தட்டில் பூச்சியை வைத்து மூடுங்கள். ஒன்றிரண்டு நாளில் மூட்டு இளகும்.

14. கொழுத்த வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி, பெருஞ்சில்வண்டு ஆகியவற்றின் வயிற்றில் அடிப்பக்கமாகப் பிளேடால் கீறி, சாமணத்தால் குடலை எடுத்துவிட்டு, கொஞ்சம் பஞ்சு வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் நாற்றம் ஊரைக் கூட்டும்.

15. இனி, சீட்டு. மற்றதெல்லாம் கைவேலை, பூச்சிக்கு மதிப்புத் தருவது இந்தச் சிறு காகிதம்தான். மொரீஸ் மேந்த்ரோன் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் நூறாண்டுக்கு முன்பே நம் சோழமண்டலக் கரையில் பூச்சி சேகரித்தார். அவர் கொண்டுபோனவை பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எந்த ஊர் என்று ஊசியில் சீட்டு இருப்பதால்தான் அவற்றை இன்றைக்கும் ஆய்வுக்கு எடுக்க முடிகிறது. சீட்டில்லாத பூச்சி எவ்வளவு அழகாக விரித்திருந்தாலும் ஆய்வுக்கு உதவாது.

நம் பக்கத்தில் ஒரு தனிக் கவனம் தேவை. பாகூர், வில்லியனூர் ஊர்கள் கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. வரப்பு ஒன்று தாண்டினால் மாநிலமே மாறிவிடும். ஊர்ப் பெயர் மட்டும் எழுதினால் போதாது. ‘இந்தியா, புதுச்சேரி, பாகூர் கொம்யூன், செலியமேடு’ என்று முழுதாக எழுதுங்கள். கீழே தேதி, பிடித்தவர் பெயர். இரண்டாவது சீட்டில் எந்தப் பயிரில், எப்படிக் கிடைத்தது என்பது: ‘நெல், விளக்கில்’, ‘எருக்குழி’. பூச்சியின் பெயர் கடைசிச் சீட்டில் வரட்டும். பெயர் பின்னால் திருத்தப்படலாம், ஊரும் தேதியும் மாறாது. தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. 5-8 என்றால் ஆகஸ்டா மே மாதமா என்ற குழப்பம் வராது. ஆல்கஹால் புட்டிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும். எழுதுவதைப் பிடித்த அன்றே எழுதுங்கள்.

16. பெயர் தெரியாதவற்றைக் குரும்பாபேட்டில் இருக்கிற காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப்போய்க் கேளுங்கள். கோயம்புத்தூர் போனால் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறந்த பூச்சிகள் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளோடு பாருங்கள். நன்றாக விரித்த இறக்கை எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்தால் கை தானாகப் பழகும்.

17. ஐப்பசி, கார்த்திகையில் பூச்சி நிறையக் கிடைக்கும், ஆனால் காயாது. மூடிய மரப்பெட்டிக்குள் குண்டு பல்பு ஒன்று எரியவிட்டு, சற்றுத் தள்ளிப் பலகையை வையுங்கள். நேர்வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கும். நன்கு காயாததைப் பெட்டியில் வைத்தால் ஒரே வாரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படரும். பெட்டி மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும்.

18. பெட்டியின் எதிரி இன்னொரு பூச்சிதான். அருங்காட்சியக வண்டின் மயிரடர்ந்த சிறு புழு காய்ந்த பூச்சியை உள்ளிருந்து தின்னும். வசம்பும் வேப்பிலையும் மட்டும் போட்டால் இதைத் தடுக்காது. அந்துருண்டை ஓரளவு விரட்டும், ஆனால் அதன் நெடி குழந்தைகளுக்கு ஆகாது. படுக்கையறையில் அந்தப் பெட்டி வேண்டாம். மூடி இறுக்கமான பெட்டியே முதல் காவல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊசியின் அடியிலும் பாருங்கள். மெல்லிய பழுப்புத் தூள் கொட்டியிருந்தால் புழு உள்ளே இருக்கிறது என்று பொருள். பெட்டியை அப்படியே பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்தபின் பை திறக்காமல் ஒரு நாள் விட்டு, தூளை மென்தூரிகையால் துடைத்துவிட்டு, அடுத்த மாதமே மறுபடி பாருங்கள்.