சமையற்கலைக்கு ஒரு பள்ளி: மூன்றாம் படிவப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அண்மையில் ஒரு ரப்பர்த் தோட்டத்திற்குப் பணி நிமித்தம் நாம் சென்றிருந்தோம். மாலையில் கோயில் மண்டபத்தில் கூடிய பெற்றோரிடம் அரசாங்கத் தொழிற்கல்லூரிகளைப் பற்றி விளக்கி வருகையில், சமையற்கலைப் பிரிவு என்று சொன்னவுடனே பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் சிரித்துவிட்டார். “ஐயா, அடுப்பு மூட்டிச் சோறாக்க நாலு வருஷப் படிப்பா? பத்து நாளில் நானே சொல்லிக் கொடுத்துவிடுவேனே!” என்றார். கூட்டத்தினர் அனைவரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஆயினும் தூணோரம் நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் பகலில் பால் வெட்டுபவர். திருவிழா என்றால் அத்தோட்டத்தின் சமையற்காரர் அவரே. அறுநூறு இலைக்குச் சோறும் சாம்பாரும் கூட்டும் பாயசமும் அளவு தவறாமல் ஆக்கி இறக்கும் கைப்பழக்கம் அவருக்கு முப்பது ஆண்டுகளாக உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பட்டணத்து ஹோட்டல் ஒன்றில் வேலை கேட்டுச் சென்றபோது, “சான்றிதழ் இருக்கிறதா?” என்பதே அவரிடம் கேட்கப்பட்ட முதற் கேள்வி. இல்லை என்றதும் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. மூன்று மாதம் கழுவினார். பின்னர் மீண்டும் உளியைக் கையிலெடுத்தார். கூட்டம் முடிந்த பிறகே இதை நம்மிடம் கூறினார்.

அம்மையார் எழுப்பிய கேள்விக்கு விடை இவருடைய கதையிலேயே இருக்கின்றது. கைத்திறன் ஒன்று, அத்திறன் இன்ன தரத்தது என்று நாடு ஒப்புக்கொள்ளும் சான்று மற்றொன்று. முன்னதைத் தாயும் தந்தையும் தரலாம். பின்னதைத் தருவதற்கே பள்ளி வேண்டியிருக்கின்றது.

நம் நாட்டில் அரசாங்கத் தொழிற்பள்ளிகள் புதியவை அல்ல. எனினும் நெடுங்காலமாக அவை தேர்வில் பின்தங்கியவர்கள் ஒதுங்கும் இடமாகவே நம் மக்களால் கருதப்பட்டன. எஸ்.ஆர்.பி. தேர்வு நடைபெற்ற காலத்தில் அதில் தவறிய பிள்ளைக்கு நான்காம் படிவத்தின் கதவு அடைபட்டது; தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மறுநாளே பெரட்டில் நின்றனர். இன்று நிலைமை வேறு. 2012-ஆம் ஆண்டில் சில பள்ளிகளில் முன்னோடியாகத் தொடங்கி, 2013 முதல் ஏனைய அரசாங்கத் தொழிற்பள்ளிகளும் ‘கோலேஜ் வொகேஷனல்’ எனப்படும் தொழிற்கல்லூரிகளாக மாற்றப்பட்டன. மூன்றாம் படிவத்தை முடித்த மாணவர் இங்கே சேர்ந்து, முதல் இரண்டு ஆண்டுகளில் எஸ்.வி.எம். சான்றிதழும், தகுதி பெற்றால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் டி.வி.எம். எனும் தொழில் டிப்ளோமாவும் பெறலாம். பதினாறு வயதில் நுழையும் பிள்ளை இருபது வயதளவில் டிப்ளோமாவுடன் வெளிவருகின்றது. பெரும்பாலான கல்லூரிகளில் தங்குவதற்கு விடுதியும் உண்டு என்பது தோட்டத்துப் பெற்றோருக்குச் சிறிய செய்தியன்று.

எல்லாத் தொழிற்கல்லூரியிலும் சமையற்கலை இல்லை. மோட்டார், மின்சாரம், பற்றவைப்பு ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டவை பல. கோலாலம்பூர் செத்தாப்பாக்கிலும் ஜொகூர் பாருவிலும் உள்ள இரு கல்லூரிகள் மனையியலைப் பெயரிலேயே தாங்கியவை. சமையற்கலை, ரொட்டி மற்றும் இனிப்பு வகைத் தயாரிப்பு போன்ற துறைகளுக்கு இத்தகைய கல்லூரிகளையே நாட வேண்டும்.

சரி, அங்கே கற்பிப்பது என்ன? கத்தியிலிருந்து தொடங்குவோம். கேரட்டை மூன்று மில்லிமீட்டர்ச் சதுரத் துண்டுகளாக நறுக்கச் சொன்னால், மாணவர் ஒரு கூடை கேரட்டையும் அதே அளவில் நறுக்க வேண்டும். துண்டுகள் ஒரே அளவாயின் ஒரே நேரத்தில் வேகும். பெரிதும் சிறிதுமாயின் ஒன்று குழையும், மற்றொன்று பச்சையாய் நிற்கும். பால் வெட்டுவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பட்டையைச் சீவி, உள்ளிருக்கும் வளர்படையில் உளி படாமல் நிறுத்தும் கை உங்களுடையது. அந்தக் கையின் நுட்பம் சமையற்கூடத்தில் மதிப்புப் பெறும் நுட்பமே ஆகும்.

அடுத்தது தூய்மை. வீட்டுச் சமையல் சமைத்தவுடன் உண்ணப்படுகின்றது. விருந்துச் சமையல் அவ்வாறன்று. விடியற்காலையில் வடித்த சோறு நண்பகல் வரை மூடிய அண்டாவில் இருக்கும். ஐந்து பாகைக்கும் அறுபது பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நோய்க்கிருமிகள் பெருகும். தக்க சூழலில் சில கிருமிகள் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். கொதிநீரில் வெந்தும் சாகாத வித்துகளைக் கொண்ட ஒரு கிருமி சோற்றிலேயே உண்டு. வெதுவெதுப்பான அண்டாவில் அது விழித்தெழுந்து நஞ்சைச் சுரக்கும். அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே உணவைச் சுடச்சுட வைத்திருக்க வேண்டும், அல்லது விரைவில் குளிரூட்ட வேண்டும், நடுநிலையில் விடலாகாது. சமைத்த நான்கு மணி நேரத்திற்குள் பரிமாறிவிடுக என்று சுகாதார அமைச்சு வலியுறுத்துவதன் காரணமும் இதுவே. 2009-ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின்படி, உணவைக் கையாள்வோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். டைபாய்டு காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். தோட்டத்தில் உணவுக்கடை நடத்தும் அன்பர்களும் இதைக் கவனத்தில் கொள்க.

மூன்றாவதாகக் கணக்கு. ஒரு தட்டு நாசி லெமாக்கிற்கு அரிசி, தேங்காய்ப்பால், முட்டை, நெத்திலி, சம்பல் ஆகியவை எல்லாம் சேர்ந்து இரண்டு ரிங்கிட் ஆகிறது எனக் கொள்வோம். இரண்டரை ரிங்கிட்டுக்கு விற்றால் அரை ரிங்கிட் லாபம் என்று எண்ணுபவர் ஆறு மாதத்தில் கடையை மூடுவார். எரிவாயு, வாடகை, கூலி, வீணாகும் பொருள் எல்லாம் அந்த அரை ரிங்கிட்டில் அடங்கா. மூலப்பொருளின் விலை விற்பனை விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலில் பொதுவாகக் கொள்ளும் அளவு. இதனை அறியாமல் வங்கிக் கடன் வாங்கிக் கடை திறந்து நொடித்தவர்களை நாம் பார்த்திருக்கின்றோம். அவர்களுடைய கறியில் குறையேதும் இல்லை.

இவற்றோடு பரிமாறும் முறையும் வந்தவரை வரவேற்கும் முறையும் கற்பிக்கப்படுகின்றன. பெரிய ஹோட்டலின் சமையற்கூடத்தில் உதவியாளர், பிரிவுத் தலைவர், துணைத் தலைமைச் செஃப், தலைமைச் செஃப் எனப் படிகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரராகிய எஸ்கோஃபியே ஒழுங்குபடுத்திய முறை இது. மண்டோர், கிராணி, துரை என்று பழகிய நமக்கு இப்படிகள் புதுமையாகத் தோன்றா. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: கீழ்ப்படியில் வெங்காயம் உரித்தவர் மேற்படிக்கு ஏறுவது அங்கே வழக்கமான செய்தி. பயிற்சியின் பிற்பகுதியில் மாணவர்கள் உண்மையான ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் அனுப்பப்பட்டுப் பணியிடத்திலேயே பழக்கப்படுகின்றனர்.

இனிச் சில கசப்பான செய்திகள். இது இலகுவான தொழிலன்று. தீபாவளியும் புத்தாண்டும் பிறர் விருந்துண்ணும் நாள்கள். சமையற்காரருக்கு அவை வேலை நாள்கள். அனலில் நின்றபடியே நாளெல்லாம் கழியும். மேலும், வீட்டில் மாட்டிறைச்சியை விலக்கும் குடும்பத்தினர் முன்கூட்டியே சிந்திக்க வேண்டும். கல்லூரிச் சமையற்கூடங்கள் ஹலால் முறையைப் பின்பற்றுவன. பன்றி இறைச்சி அங்கே வாராது. மாட்டிறைச்சியைக் கையாள நேரிடலாம். மனம் ஒப்பாத பிள்ளைக்கு ரொட்டி, இனிப்பு வகைப் பிரிவு பொருத்தமாக இருக்கக்கூடும். சேர்ந்த பின் திகைப்பதைவிடச் சேருமுன் கேட்டறிவதே நன்று.

தொழில் கற்கப் போகிறோம், பாடநூல் எதற்கு என்று எண்ணுவதும் தவறு. மலாய் மொழியும் வரலாறும் அங்கேயும் உண்டு. அவற்றில் தவறினால், பின்னர் அரசாங்க வேலைக்கு மனுச் செய்யும்போது கரண்டி பிடித்த கை எவ்வளவு தேர்ந்ததாயினும் வழி அடைபடும்.

மனு மூன்றாம் படிவத்தில் இருக்கும்போதே கல்வி அமைச்சின் இணையத்தளம் வழியாகச் செய்யப்பட வேண்டும். தோட்டத்தில் இணையத் தொடர்பு சரியில்லையெனில் பள்ளியின் ஆலோசக ஆசிரியரை அணுகுக. மனுச் செய்பவர் மலேசியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் உள்ள பிள்ளைகள் சில தோட்டங்களில் இன்னும் இருக்கின்றனர். பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய அடையாள அட்டை பதினைந்து வயதாகியும் இல்லையெனில், கல்லூரியைப் பற்றி யோசிக்குமுன் தேசியப் பதிவிலாகாவுக்குச் செல்லுங்கள். நல்ல மதிப்பெண் இருந்தும் இந்த ஒரு காரணத்தால் மனு எழுத முடியாத பிள்ளையைக் கண்டபோது நம்மிடம் ஆறுதல் சொல்லச் சொல் இருக்கவில்லை.

தூணோரம் நின்றவரின் வயதில் கல்லூரிக்குப் போக இயலாது. ஆனால் அவருக்கும் ஒரு வழி இருக்கின்றது. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டு இலாகா மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகின்றது. அனுபவத்தால் தேர்ந்தவர்கள் வகுப்பில் அமராமலே, தாம் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைத் தொகுத்து அளித்து, மதிப்பீட்டாளர் முன் திறனை நிலைநாட்டி அதனைப் பெறலாம். மலாய் மொழியில் இதற்குப் பி.பி.தி. என்று சுருக்கப் பெயர்.

இதைக் கேட்டதும் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “ஐயா, எனக்குச் சமைக்கத்தான் தெரியும். இதையெல்லாம் யார் எழுதுவது?” என்றார். இரண்டாம் படிவத்தில் படிக்கும் அவருடைய மகள் அருகில் நின்றிருந்தாள். நாம் புறப்பட்டபோது அந்தப் பெண் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, “அறுநூறு பேருக்குப் பருப்பு எத்தனை கிலோ அப்பா?” என்று கேட்டு எழுதத் தொடங்கியிருந்தாள்.