முதுமைக்கு ஓய்வு மருந்தாகுமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர்)

சென்ற ஆண்டு நான் இக்கல்லூரியில் சேர்ந்தபோது என் தாத்தா கொத்து வேலையை விட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "பேரன் காலேஜுக்குப் போறான், இனிமேலும் நீங்க கரணை பிடிச்சா ஊரு என்ன சொல்லும்?" என்று வீட்டார் கேட்டனர். நானும் அவர்களோடு சேர்ந்து வற்புறுத்தினேன். ஐம்பது ஆண்டுகள் சாரத்தின்மேல் நின்றவரைத் திண்ணையில் உட்கார வைத்தோம். ஓராண்டு முடிவதற்குள், திண்ணையிலிருந்து எழுவதற்கே அவருக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டியதாயிற்று. "வயதாகிவிட்டது" என்றனர் எல்லோரும். காரணம் வயதுதானா, அல்லது அந்தத் திண்ணையா? இவ்வினா என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்குச் சக மாணவர்கள்முன் வைக்கிறேன்.

பிரான்சு நாட்டில் ராபர்ட் மார்ஷான் என்பவர் வாழ்ந்தார். பிறந்தது 1911-ஆம் ஆண்டு. உயரம் ஏறத்தாழ ஐந்தடிதான். தீயணைப்பு வீரராகவும், கனடாவில் மரம் வெட்டுபவராகவும், இன்னும் பலவாகவும் உழைத்துப் பிழைத்தவர். அறுபது வயதைக் கடந்த பின்னரே மீண்டும் சைக்கிளை முறையாக ஓட்டத் தொடங்கினார். 1992-இல், தம் எண்பதாவது வயதில், பாரிசிலிருந்து மாஸ்கோ வரை சைக்கிளில் சென்றார் என்றால் நம்பக் கடினமாகத்தான் இருக்கிறது. 2012-இல், நூறு வயதில், ஓட்டக் களத்தில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். வியப்பு அதுவன்று. 2014-இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். வயது கூடியது, தூரமும் கூடியது!

இது எவ்வாறு நிகழ்ந்தது? பிரெஞ்சு உடலியல் அறிஞர் வெரோனிக் பியா அம்மையாரும் அவருடைய குழுவினரும் இதனை அளந்து பார்த்தனர். கடுமையாக உழைக்கும்போது, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடல் பயன்படுத்துகிறது என்பதே அவர்களுடைய அளவுகோல். இதயம் அனுப்பும் இரத்தத்தின் அளவும், அதிலிருந்து தசைகள் பிரித்தெடுக்கும் ஆக்சிஜனின் அளவும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. பொதுவாக வயது ஏற ஏற இது குறையும். மார்ஷானுக்கோ 101 வயதில் 31 ஆக இருந்தது 103 வயதில் 35 ஆயிற்று. மிதிக்கும் ஆற்றல் 90 வாட்டிலிருந்து 125 வாட்டாக உயர்ந்தது. அவர் பயிற்சி செய்த முறை கவனிக்கத்தக்கது. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு இலேசான ஓட்டம், இருபது பங்கு மட்டுமே மூச்சு வாங்கும் ஓட்டம்.

ஒருவரை வைத்து ஒரு விதியை நிறுவ முடியாது என்று நம் ஆசிரியர்கள் சொல்வார்கள், அது உண்மை. ஆகவே இன்னொன்றையும் கூறுகிறேன். இங்கிலாந்தில் 55 முதல் 79 வயது வரையுள்ள 125 நெடுந்தூர சைக்கிளோட்டிகளை ஆய்ந்தனர். இவர்களுள் ஆண்கள் ஆறரை மணி நேரத்துக்குள் 100 கிலோமீட்டர் ஓட்ட வல்லவர்கள். 2015-இல் வெளிவந்த முடிவு: உடல் அளவுகளை மட்டும் பார்த்து அவர்களுடைய வயதைச் சரியாகச் சொல்ல இயலவில்லை. 2018-இல் வெளிவந்தது இன்னும் சுவையானது. நோயெதிர்ப்புச் செல்களுள் ஒரு வகையை உருவாக்கும் தைமஸ் சுரப்பி இளமையிலேயே சுருங்கத் தொடங்குவதை நாம் படித்திருக்கிறோம். இம்முதியவர்களிடமோ அச்செல்கள் இளைஞர்களிடம் உள்ள அளவுக்கே புதிதாக உண்டாகிக்கொண்டிருந்தன. ஆனால் புகைப்பவர்களையும் இரத்தக் கொதிப்பு உடையவர்களையும் முதலிலேயே விலக்கிவிட்டே இந்த ஆய்வைச் செய்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

சைக்கிளுக்கும் ஒரு குறை உண்டு. உடலின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்கிறது. சுமை ஏறினால்தான் எலும்பு தன்னை உறுதிப்படுத்திக்கொள்ளும். அதனால் சைக்கிள் மட்டுமே ஓட்டும் வீரர்கள் சிலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதைக் கண்டுள்ளனர். இங்கேதான் வீடு கட்டும் வேலை என் நினைவுக்கு வந்தது. குனிதல், தூக்குதல், ஏணி ஏறுதல், சுத்தியலால் அடித்தல் என எல்லா எலும்புக்கும் அதில் வேலை உண்டு. கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டும்; சாரத்தில் கால் தடுமாறக் கூடாது.

அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் இதற்கு நல்ல சான்று. பதவியிலிருந்து இறங்கிய பின், 1984-ஆம் ஆண்டு முதல், ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆண்டுதோறும் மனைவியோடு தாமே சுத்தியல் பிடித்தார். 2006-இல் நம் நாட்டில் லோனாவாலாவுக்கும் வந்து கட்டினார். 2017-இல், 92 வயதில், கனடாவில் வெயிலில் நீர்ச்சத்து வற்றி விழுந்தார். மறுநாள் வேலைத்தளத்துக்குத் திரும்பினார். 2019-இல் வீட்டில் விழுந்து நெற்றியில் 14 தையல் போட்ட நிலையிலும் நாஷ்வில் நகருக்குச் சென்றார். அப்போது வயது 95. தம் நூறாவது வயதில் 2024-இல் மறைந்தார்.

இவ்விருவரையும் காட்டி, "பார், கிழவரும் உழைக்கலாம்" என்று ஒரு கூலித் தொழிலாளியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கார்ட்டர் நினைத்தபோது சுத்தியலைக் கீழே வைக்கலாம். என் தாத்தா காய்ச்சல் கண்ட நாளிலும் சாரம் ஏறினார். ஏறாவிட்டால் அன்று உலை ஏறாது. அந்த உழைப்பை நிறுத்த விரும்பியதில் எங்கள் தவறு ஒன்றுமில்லை. ஆனால் கூலிக்காக உழைக்க வேண்டாம் என்று சொல்லப் போய், அசையவே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மார்ஷானின் 105-ஆம் வயது ஓட்டம் 22.547 கிலோமீட்டராகக் குறைந்தது. வயது தன் பங்கை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். அதன் பங்குக்கு மேல் நாம் ஏன் அள்ளிக் கொடுக்க வேண்டும்?

பொங்கல் விடுமுறையில் எங்கள் மாட்டுக்கொட்டகையின் பின்சுவரை எழுப்பத் தாத்தாவை அழைத்தேன். கலவை குழைத்ததும் கல் எடுத்துக் கொடுத்ததும் நான். பத்துக் கல்லுக்கு ஒருமுறை அவர் உட்கார்ந்து எழுந்தார். நான்காம் நாள் எழும்போது என் கையைத் தேடவில்லை. ஆசை மிகுதியால் ஒரு வரிசையை நானே வைத்துப் பார்த்தேன். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தவர், "காலேஜுல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்த வரிசை முழுவதையும் பிரிக்கச் சொன்னார்.