வழிகாட்டும் ஆசிரியரைத் தேடுதல்

அயோத்திதாச பண்டிதருக்குப் (1845–1914) பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன் என்பதாம். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே அவர் பின்னர்த் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். ஆகவே நாம் பண்டிதரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய ஆசிரியரையும் சேர்த்தே நினைவுகூருகின்றோம். ஒரு நல்லாசிரியர் மாணவனுடைய வாழ்வில் எத்துணை ஆழமாக இடம்பெறக்கூடும் என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

கல்வியிலும் தொழிலிலும் நமக்கு வழிகாட்டத் தக்கவரைத் தேடிப் பெறுவது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள். இது சிறிய காரியமன்று. பாட்டனார் கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் உழைத்தார். 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டபின் தகப்பனார் நாடோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று வேலை பார்த்து மகளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கவைத்தார். இத்தகைய குடும்பங்கள் நம்மிடையே பல. அதற்குமேல் எப்பாடத்தை எடுப்பது, எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று அவ்வீட்டில் சொல்வார் ஒருவருமில்லை. பௌத்தம் தழுவியோர்க்கும் பட்டியல் சாதியாருக்குரிய உரிமைகள் உண்டென்று 1990ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. இதனை அறியாமல் உரிய சான்றிதழைக் காலத்தில் பெறாதொழிந்தால், உதவித்தொகை கைநழுவிப் போகும். அறிவும் உழைப்பும் இருந்தும், சொல்வார் இன்மையால் ஓராண்டு பாழாவது கொடுமையன்றோ?

ஆசிரியர் கடன் ஐந்து

தீக நிகாயத்தைச் சேர்ந்த சிகாலோவாத சூத்திரத்தில், மாணவன்பால் ஆசிரியர் ஆற்றவேண்டிய ஐந்து கடமைகளைப் பகவன் புத்தர் எடுத்துரைக்கின்றார். நன்னெறியில் பழக்குதல், கற்றதை நன்கு மனங்கொள்ளச் செய்தல், தாம் அறிந்த கலைகளை ஒளியாது உரைத்தல், தம் நண்பரிடத்தும் உடனுழைப்போரிடத்தும் மாணவனை அறிமுகம் செய்தல், எத்திசை சென்றாலும் அவனுக்குப் பாதுகாப்புத் தேடித்தருதல் என்பன அவை. முதல் மூன்றையும் வகுப்பாசிரியர் பலர் செய்வர். இறுதி இரண்டையும் செய்பவரே வழிகாட்டி என்னும் பெயருக்கு முற்றும் உரியவர். நூலறிவை நூலகத்தில் பெறலாம். நம் பொருட்டுப் பிறரிடம் பேசும் நாவினை அங்குப் பெறவியலாது.

அண்ணலின் வாழ்வு காட்டும் பாடம்

இவ்வைந்தும் ஒருவரிடத்தேயே அமையவேண்டுமென்பதில்லை. டாக்டர் அம்பேத்கரின் வாழ்வு இதனைத் தெளிவுறுத்தும்.

பள்ளி மாணவராயிருந்தபோது பீமராவ் பம்பாய் சர்னி ரோட்டுப் பூங்காவில் அமர்ந்து நூல்கள் படிப்பது வழக்கம். அங்கு வந்த பள்ளியாசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலூஸ்கர் அச்சிறுவனைக் கண்ணுற்று, யாரென வினவி, படிக்க நூல்களும் கொடுத்துதவினார். அவர் உறவினரல்லர், அச்சமூகத்தவருமல்லர். 1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறியதைப் பாராட்ட நடந்த கூட்டத்தில், தாம் மராட்டியில் எழுதிய கௌதம புத்தர் வரலாற்றைப் பரிசளித்தவரும் அவரே. அப்பரிசு விதைத்த விதை 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் மரமாகி நின்றதை நாம் அறிவோம். தந்தையார் இராம்ஜியால் கல்லூரிச் செலவைத் தாங்க இயலாதபோது, பரோடா மன்னர் சாயாஜிராவிடம் பரிந்து பேசி மாதம் இருபத்தைந்து ரூபாய் உதவி கிடைக்க வழிசெய்தவரும் கேலூஸ்கரே.

1913இல் அண்ணல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே ஜான் டூயி அவருக்குச் சிந்திக்கும் முறையைக் கற்பித்தார். எட்வின் செலிக்மன் பொருளாதாரம் பயிற்றினார். பிற்காலத்தில், 1925இல் வெளிவந்த அண்ணலின் மாகாண நிதி பற்றிய நூலுக்கு அணிந்துரையும் எழுதினார்.

இலண்டனில் அமைந்த ஆசிரியர் எட்வின் கேனன். அங்கு 1923 மார்ச்சில் அளித்த ஆய்வேடு உடனே ஏற்கப்படவில்லை. அண்ணல் அதனைத் திருத்தி மீண்டும் அனுப்ப, அவ்வாண்டிறுதியில் அஃது ஏற்கப்பட்டது. ரூபாயின் பிரச்சினை பற்றிய அந்நூலுக்கு முன்னுரை எழுதிய கேனன், நூலாசிரியரின் வாதங்களிற் பெரும்பாலானவற்றைத் தாம் ஒப்பவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். எனினும் அந்நூலின் புத்துணர்வைப் போற்றினார். மாறுபட்ட மாணவனின் நூலுக்கும் முன்னுரை தந்த இப்பண்பை நாம் உற்று நோக்குதல் வேண்டும்.

இதனின்று நாம் அறிவன மூன்று. வழிகாட்டி நம்மவராகவே இருக்கவேண்டும் என்னும் நியதியில்லை. வாழ்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெவ்வேறு வழிகாட்டி வேண்டப்படுவார். யாவற்றினும் முதன்மையானது, பூங்காவில் அச்சிறுவன் கையில் புத்தகம் இருந்தது என்பதே. புத்தகம் இல்லாதிருந்தால் கேலூஸ்கர் அவனைக் கடந்து போயிருப்பார்.

தேடும் முறை

முதலாவது, தேவை யாதெனத் தெளிக. பாடத்தில் ஐயமா, தேர்வுக்குரிய வழியா, வேலையில் சேர்ந்தபின் முன்னேறும் முறையா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் நன்று.

இரண்டாவது, அருகிலிருந்து தொடங்குக. அவ்வழியில் ஐந்தாண்டு முன்சென்றவர், நாற்பதாண்டு முன்சென்றவரினும் சில வேளைகளில் மிகுந்த பயன் தருவார். விண்ணப்பம் நிரப்பிய நினைவு அவருக்கு இன்னும் மாறியிராது.

மூன்றாவது, கேட்கும் கேள்வி சிறியதாகவும் திட்டமானதாகவும் இருக்கட்டும். “ஐயா, எனக்கு வழிகாட்டுங்கள்” என்றால் பெரியவர் யாது செய்வார்? “ஐயா, நான் பி.காம். இரண்டாமாண்டு பயில்கின்றேன். வங்கித் தேர்வுக்குப் படிப்பதா, பட்டயக் கணக்கர் படிப்பில் சேர்வதா என்று துணிய இயலவில்லை. தங்களுக்கு வசதியான நாளில் கால்மணி நேரம் தந்துதவ வேண்டுகின்றேன்” என்று கேட்பின், மறுப்போர் அரியர்.

நான்காவது, அவர் சொன்னதைச் செய்து, விளைவை அவருக்குத் தெரிவிக்க. பலர் தவறுவது இவ்விடத்தில்தான். நன்மை நேர்ந்தாலும் தோல்வி நேர்ந்தாலும் ஒரு கடிதமேனும் எழுதுதல் வேண்டும். முன்சொன்ன சூத்திரம் மாணவனுக்கும் ஐந்து கடமைகள் வகுத்துள்ளது. ஊக்கத்தோடு கேட்டலும் கருத்தூன்றிக் கற்றலும் அவற்றுள் அடங்கும்.

விலக்கத் தக்கவர்

வழிகாட்டி போல் தோன்றி வழிமறிப்போரும் உளர். தம்மைப் புகழ்வதையே வேண்டுபவர், வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவர், வேறொருவரிடம் ஆலோசனை கேட்டால் சினப்பவர், என்றும் தம் நிழலிலேயே நாம் நிற்கவேண்டுமென விழைபவர் ஆகியோரை விட்டு விலகுக. மாணவியர்பால் தனியிடத்தில் சந்திக்க வற்புறுத்துபவர் எவ்வளவு கற்றவராயினும் ஆசிரியரல்லர். அவரை மறுப்பது நன்றி கொன்றதாகாது. அவ்வாறு நேரின், அதனை வீட்டாரிடமோ நம்பத்தக்க மூத்தவரிடமோ தயங்காது உரைத்தல் வேண்டும்.

முடிவுரை

நல்ல நண்பரைப் பெறுதல் அறவாழ்வில் பாதியென்று ஆனந்தர் கூறியபோது, பாதியன்று, முழுமையும் அதுவே என்று பகவன் திருத்தினார். அச்சொல் துறவியர்க்கு உரைக்கப்பட்டதாயினும், படிப்பைத் தொடங்கும் பிள்ளைக்கும் பொருந்துவதாம்.

இளைஞர்க்குச் சொன்ன இப்பாடம் மூத்தோர்க்கும் உரியது. உத்தியோகத்தில் அமர்ந்தவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தையேனும் உடனிருந்து பார்த்துக் கொடுப்பாராக. கேலூஸ்கர் அன்று செய்த முதலுதவி, ஒரு சிறுவனைப் பெயர் கேட்டு நூல் கொடுத்ததேயாகும். அவ்வளவு செய்ய நம்மில் எவர்க்கும் இயலும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. ஆசிரியர்க்குரிய ஐந்து கடமைகளுள் உங்களுக்கு இப்போது மிகத் தேவையானது எது?
2. கேனன் தம் மாணவரோடு மாறுபட்டும் முன்னுரை எழுதியதால் நாம் கற்பது யாது?
3. இவ்வாரத்திற்குள் நீங்கள் அணுகக்கூடிய ஒருவர் யார்? அவரிடம் கேட்கும் கேள்வியை இரண்டு வரியில் எழுதுக.